கமாய்ஷியின் இரண்டாம் உலை

என் தாத்தா இரண்டாம் உலக யுத்த காலத்தில் 'கரி பஸ்' ஏறிப் போன கதையைச் சொல்லாத கோடை விடுமுறை எங்கள் வீட்டில் கிடையாது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் பேருந்தின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, ஒருவர் கைப்பிடியைச் சுழற்றிக் காற்று ஊதுவார். நெடுநேரம் ஊதிய பிறகே வண்டி உறுமும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளுவதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கினோம் என்று தாத்தா சிரிப்பார். எனக்கு வேறொரு சந்தேகம். கரி எரிந்தால் சூடு வரும், சாம்பல் வரும். எஞ்சினுக்குள் போய் வெடித்து வண்டியை ஓட்டிய அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது?

விடை எளிதுதான். காற்று போதாமல் எரியும் கரி முழுதாக எரிவதில்லை. எரிந்த பகுதியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, தகதகக்கும் கரிப்படுகையைக் கடக்கும்போது தன் ஆக்சிஜனில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டுக் கார்பன் மோனாக்சைடாகிறது. ஈரம் இருந்தால் நீராவியிலிருந்து ஹைட்ரஜனும் பிரிகிறது. இவ்விரண்டும் எரியக்கூடியவை. மீதியில் பெரும்பங்கு காற்றோடு வந்த நைட்ரஜன். அது வெறும் சுமை. ஆகவே இந்த வாயுவின் வெப்ப மதிப்பு இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். தாத்தா இறங்கித் தள்ளியதன் காரணம் அதுவே.

தாத்தா கதையில் வராத இன்னொரு மனிதர் உண்டு. அடுப்புக்கரி என்பது ஏற்கெனவே ஒருமுறை வெந்த மரம். எங்கோ ஒரு காட்டோரத்தில் கரிமூட்டம் போட்டவர் மரத்தின் ஈரத்தையும் தாரையும் புகையாக வெளியேற்றிவிட்டு, சுத்தமான கரியை மூட்டை கட்டி அனுப்பினார். அந்தத் தார் மட்டும் மரத்தில் இருந்திருந்தால் குழாய்களிலும் வால்வுகளிலும் படிந்து எஞ்சினை அடைத்திருக்கும். வேலையின் அழுக்கான பாதியை அவர் முடித்துக் கொடுத்ததால்தான் பஸ் ஓடியது. குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க முயன்ற ஊர்களைப் பற்றிய கட்டுரையில் கரிமூட்டக்காரரை ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

'காஸ்' என்ற சொல்லுக்கும் கரிக்கும் பழைய உறவு. பிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர் வான் ஹெல்மாண்ட் 62 பவுண்டு கரியை எரித்து ஒரு பவுண்டு சாம்பலே மிஞ்சக் கண்டார். காணாமற்போன 61 பவுண்டுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'கேயாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அவர் இட்ட பெயர், அவர் இறந்த பிறகு 1648இல் வெளிவந்த நூல் வழியே உலகுக்குப் பரவியது. 1792இல் வில்லியம் முர்டாக் கார்ன்வாலில் தன் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். பாரிசில் பிலிப் லெபோன் மரத்திலிருந்து வாயு எடுத்து 1799இல் உரிமம் பெற்றார். வென்றது நிலக்கரி. 1812இல் லண்டனில் அரசப் பட்டயம் பெற்ற எரிவாயு கம்பெனி தோன்றியது. அடுத்த நூறாண்டுகளில் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றுக்கும் எரிவாயு ஆலை ஒன்று அமைந்துவிட்டது. மூடிய வாலைகளில் நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்தார்கள். மிஞ்சிய கோக்கும் விலைபோயிற்று. நாற்றமடித்த தாரிலிருந்துகூட 1856இல் பெர்கின் ஊதாச் சாயம் எடுத்தார். அந்தத் தொழிலின் வெற்றிக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு வசதி இருந்தது. ஒரே சுரங்கத்தின் நிலக்கரி, திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

குப்பை அப்படியல்ல. திங்கட்கிழமைக் குப்பையில் ஞாயிற்றுக்கிழமை விருந்து இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் பாதி தண்ணீர். மெத்தை, பல்பு, பழைய செருப்பு, பேட்டரி, தயிர்ச்சாதம் எல்லாம் ஒரே வண்டியில் வருகின்றன. இந்தப் பண்டத்தை உலைக்குள் போட்டு, சீரான வாயுவை மறுமுனையில் எதிர்பார்க்கலாம் என்று முதலில் பெரிய அளவில் நம்பியவர்கள் 1970களின் அமெரிக்கர்கள். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தால் பழைய குப்பை எரியூட்டிகள் பல மூடப்பட்டன. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பொறியாளர்கள் கிளம்பினார்கள்.

அவற்றில் பெரியது பால்டிமோர் நகரில் மான்சாண்டோ நிறுவனம் கட்டிய ஆலை. நாளொன்றுக்கு 1000 டன் குப்பையைச் சுழலும் உருளை உலையில் குறைந்த காற்றில் வேகவைத்து, வரும் வாயுவை உடனே எரித்து, அந்த நீராவியை நகர மையத்தின் கட்டடங்களுக்கு விற்பது திட்டம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை மானியம் தந்தது. 1975இல் உலை ஏற்றப்பட்டது. அதற்கு முன் நடந்த சோதனை ஆலையின் அளவு நாளொன்றுக்கு 35 டன். 35இல் நடந்தது 1000த்தில் நடக்கவில்லை. உலையின் உட்பூச்சுச் செங்கல் பெயர்ந்தது. கசடு உறைந்து அடைத்தது. ஆவியாகிப் பின் உறைந்த உப்புகளின் நுண்தூள், கழுவு கோபுரங்களுக்குப் பிடிபடாமல் புகைபோக்கி வழியே ஊருக்குள் போயிற்று. 1977இல் மான்சாண்டோ, இதை விட்டுவிட்டு வழக்கமான எரியூட்டிக்கு மாறுங்கள் என்று சொல்லி விலகிக்கொண்டது. நகராட்சி பிடிவாதமாகச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து 1981இல் மூடியது. 1985 முதல் அந்த இடத்தில் சாதாரண எரியூட்டி ஒன்று இயங்குகிறது. மேற்கு வர்ஜீனியாவில் யூனியன் கார்பைடு, காற்றுக்குப் பதில் ஆக்சிஜனை ஊதி, நைட்ரஜன் சுமை இல்லாத நல்ல வாயுவை எடுத்துக் காட்டியது. ஆனால் அதை வாங்கிக் கட்ட அமெரிக்க நகரம் எதுவும் முன்வரவில்லை.

பால்டிமோர் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பூமியின் மறுபக்கத்தில் ஒரு சிற்றூர் வேறு வழியில் சிந்தித்தது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இவாத்தே மாநிலத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்கப்பட்ட ஊர் கமாய்ஷி. ஜப்பானின் நவீன இரும்புத் தொழில் பிறந்த இடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாகசாகியில் டச்சுக் கல்வி கற்ற ஓஷிமா தகாதோ, பீரங்கி வார்ப்பது பற்றிய ஒரு டச்சு நூலைத் துணையாகக் கொண்டு, 1857இல் இங்கே மேற்கத்திய பாணி ஊதுலை ஒன்றைக் கட்டி இரும்பு வடித்தார். பின்னர் மெய்ஜி அரசு அவருடைய யோசனையைத் தள்ளிவிட்டு, பிரிட்டனிலிருந்து பெரிய உலைகளைத் தருவித்து 1880இல் ஏற்றியது. 97 நாளில் நின்றது. காரணம், மலையில் கரி சுட்டுக்கொண்டிருந்த இடம் தீப்பிடித்து எரிந்துபோனது. உலைக்குக் கரி இல்லை. இரண்டாம் முறை ஏற்றியபோது 196 நாள். கரி போதாமல் கோக் சேர்த்தார்கள். கசடு இறுகி வாயை அடைத்துக்கொண்டது. அரசு கைகழுவியது. தனகா சோபெய் என்ற வணிகர் மிச்சத்தை வாங்கி, சிறிய உலைகள் கட்டி, 48 முறை தோற்று 1886இல் 49ஆவது முறை இரும்பைக் கண்டார் என்பது ஊர் வழக்கு.

இந்த எண்ணிக்கையை நான் வியப்புக்காகச் சொல்லவில்லை. உள்ளே போடுவது ஒழுங்காக இல்லாவிட்டால் உலை என்ன செய்யும் என்பதை அந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே தன் காசில் கற்றிருந்தது.

1945இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் முதன்முதலாகக் குண்டு பொழிந்ததும் கமாய்ஷி உருக்காலையின் மீதுதான். ஊர் மீண்டது. ஆனால் 1970களில் அங்கே இரும்புக்கு நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தேவை சுருங்கியது. பெருங்கப்பல்களுக்கு ஏற்ற புதிய கடற்கரை ஆலைகள் வேறிடங்களில் எழுந்தன. நிப்பான் ஸ்டீல் நிறுவனத்தின் உலைப் பொறியாளர்களுக்கு உலையைத் தெரியும்; வடிப்பதற்கு இரும்பு குறைந்துவந்தது. அந்நாட்களில் ஜப்பான் முழுதும் குப்பை பெரும் தலைவலி. 1965 கோடையில் தோக்கியோவின் 'யுமெனோஷிமா' குப்பைத் தீவிலிருந்து (கனவுத் தீவு என்று பொருள், பெயர் வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது) ஈக்கள் படையாகக் கிளம்பி அக்கம்பக்கத்து ஊர்களில் இறங்கின. 1971இல் ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். இரண்டாண்டுகள் கழித்து, தன் ஊரில் எரியூட்டி கட்ட விடாத சுகினாமி வட்டாரத்தின் குப்பை வண்டிகளைக் குப்பைமேடு இருந்த கோத்தோ வட்டாரத்தார் சாலையில் மறித்துத் திருப்பியனுப்பினார்கள். மலையும் கடலும் போக மிச்சமிருந்த சமவெளியில் குப்பையைப் புதைக்க இடமில்லை. எரித்த சாம்பலைப் புதைக்கவும் இடமில்லை.

1979இல் கமாய்ஷி நகராட்சியின் புதிய குப்பை ஆலை தொடங்கியது. தலா 50 டன் கொள்ளளவுள்ள இரண்டு உலைகள். அமைப்பில் அவை ஊதுலையின் தம்பிகள். நிமிர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து, தாதுவுக்குப் பதில் தரம் பிரிக்காத குப்பையும், கூடவே கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் கொட்டப்படுகின்றன. குப்பை இறங்க இறங்க முதலில் உலர்கிறது; பிறகு வெந்து வாயுவாகிறது; எரியாத மண்ணும் கண்ணாடியும் உலோகமும் அடிவாரத்தில் கோக் படுகையின்மேல் 1700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகிச் சொட்டுகின்றன. ஆக்சிஜன் சேர்த்த காற்று கீழிருந்து ஊதப்படுகிறது. உருகியதைத் தண்ணீரில் விட்டால் கண்ணாடி மணல் போன்ற கசடும் இரும்புக் குருணையுமாகப் பிரிகிறது. கசடு தளக்கற்களுக்கும் சாலைக்கும் போகிறது. இரும்பு, கட்டுமான எந்திரங்களின் பின்புறம் பாரம் நிறுத்தும் எடைக்கட்டிகளாகிறது. புதைக்க மிஞ்சுவது பறக்கும் சாம்பல் மட்டும்.

மேலே எழும் வாயு என்ன ஆகிறது? அடுத்த அறையிலேயே எரிக்கப்படுகிறது. கொதிகலன் உள்ள ஆலைகளில் அந்த வெப்பம் நீராவியாகிச் சுழலியை ஓட்டுகிறது. சேமித்து, சுத்தம் செய்து, குழாயில் அனுப்பும் முயற்சியே கிடையாது. இங்கேதான் நான் பல நாள் யோசித்து நின்றேன். ஒரு டன் குப்பைக்கு ஏறத்தாழ 50 கிலோ கோக்கை இந்த உலை கேட்கிறது. அதாவது, குப்பையிலிருந்து எரிபொருள் எடுப்பதாக உலகம் பேசிக்கொண்டிருந்தபோது கமாய்ஷிக்காரர்கள் குப்பைக்கு எரிபொருள் கொடுத்தார்கள். குப்பையின் ஒழுங்கின்மையைக் கோக்கின் ஒழுங்கால் சமன் செய்தார்கள். ஏற்கெனவே சுடப்பட்டு, தார் நீங்கி, ஒரே தரமாக வந்த கரி அது. கரிமூட்டக்காரரின் கூலியை அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் வாங்கியது வாயுவை அல்ல. புதைக்க வேண்டாத நிலத்தை.

அடுத்த ஆண்டே ஒசாகா அருகில் இபாராக்கி நகரம் இதே முறையில் 450 டன் ஆலையைத் தொடங்கியது. ஆனாலும் இம்முறை நாடெங்கும் பரவியது 1990களின் பிற்பகுதியில், டயாக்சின் பயத்தால். பிளாஸ்டிக் கலந்த குப்பையை அரைகுறையாக எரித்து மெல்ல ஆறவிடும்போது உண்டாகும் நஞ்சு அது. 1999 பிப்ரவரியில் தொக்கொரோசாவா பகுதிக் காய்கறிகளில் டயாக்சின் மிகுதி என்று தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்ததும் அவ்வூர்க் கீரையைச் சீண்ட ஆளில்லாமற்போயிற்று. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு தனிச்சட்டம் வந்தது. சாம்பலை உருக்கும் வசதியுள்ள புதிய ஆலைகளுக்கு அரசு மானியம் சாய்ந்தது. வாயுவாக்கி உருக்கும் ஆலைகள் நூறை ஒட்டிய எண்ணிக்கைக்குப் பெருகின. ஜப்பானில் வாயுவாக்கத் தொழில்நுட்பம் வென்றதாகச் சொல்பவர்கள் இந்தப் பின்னணியைச் சொல்வதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியும் முயன்றது. பியூர்த் நகரில் சீமென்ஸ் கட்டிய ஆலையில் 1998 ஆகஸ்டில் வாயு கசிந்து அக்கம்பக்கத்தார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆலை முறையாக இயங்காமலே கைவிடப்பட்டது. கார்ல்ஸ்ரூவேயின் கதை இன்னும் சிந்திக்கவைப்பது. 'தெர்மோசெலக்ட்' என்ற முறை அங்கே ஆண்டுக்கு 2,25,000 டன் குப்பைக்காக நிறுவப்பட்டது. குப்பையை அமுக்கிப் பொதியாக்கி, சுட்டு, ஆக்சிஜனில் வாயுவாக்கி, 1200 டிகிரியில் வரும் வாயுவைத் தண்ணீரால் சட்டென்று குளிர்விப்பது அதன் உத்தி. டயாக்சின் உருவாக நேரமே கிடைக்காது. ஆனால் வாயுவிலிருந்த வெப்பமும் தண்ணீரோடு போய்விடும். அடிக்கடி நின்று போன அந்த உலையைச் சூடாக வைத்திருக்க இயற்கை எரிவாயுவை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. பல நூறு மில்லியன் யூரோ நட்டத்துடன் 2004 இறுதியில் மூடினார்கள். அதே முறையில், அதே 1999இல், ஜப்பானின் சிபாவில் கவாசாகி ஸ்டீல் தொடங்கிய ஆலை நிலைத்தது. அது உருக்காலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. கிடைத்த வாயு எந்தத் தரத்தில் வந்தாலும் அதை வாங்கி மற்ற வாயுக்களோடு கலந்துகொள்ளப் பெருவயிறு ஒன்று பக்கத்திலேயே காத்திருந்தது. எந்திரத்தில் இருந்த வேறுபாட்டைவிட, யார் வீட்டுப் பக்கத்தில் அது நின்றது என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பின்லாந்தின் லாத்தி நகரில் 2012இல் தொடங்கிய ஆலை நல்ல முறையில் வாயு எடுத்தது. ஆண்டுக்கு 2,50,000 டன். 50 மெகாவாட் மின்சாரமும் நகரை வெதுவெதுப்பாக்க 90 மெகாவாட் வெப்பமும். வாயுவை 400 டிகிரி வரை ஆறவிட்டு வடிகட்டிய பிறகே எரித்தார்கள். ஆனால் அதன் வாய்க்குள் போனது தெருக்குப்பை அல்ல. வேறிடத்தில் பிரித்து, ஈரம் நீக்கி, நறுக்கித் தரப்படுத்திய பண்டம். மறுபடியும் கரிமூட்டம்! பிரிட்டனின் டீஸ் பள்ளத்தாக்கில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் பிளாஸ்மா கொண்டு குப்பையை வாயுவாக்கப் புறப்பட்டு, இரண்டு ஆலைகளைக் கட்டிக் கிட்டத்தட்ட நூறு கோடி டாலரை எழுதித் தள்ளிவிட்டு 2016இல் வெளியேறியது. கனடாவின் எட்மண்டனில் குப்பை வாயுவிலிருந்து மெத்தனாலும் எத்தனாலும் எடுக்க நிறுவப்பட்ட ஆலை 2024இல் மூடப்பட்டது.

சென்னையிலும் 2000களின் முற்பகுதியில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கில் இப்படியோர் ஆலையை ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் கட்டுவதாகப் பேச்சு நடந்தது. சூழலியல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், ஆலை எழவில்லை. கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தில்லியின் திமார்ப்பூர் ஓரளவு விடை. அது வாயுவாக்க ஆலை அல்ல, எரியூட்டிதான். 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன்னுக்காகக் கட்டிய அது 21 நாளே ஓடியது. குப்பை எரியவில்லை. நம் குப்பையில் பெரும்பகுதி சமையலறை ஈரமும் மண்ணும். எரியக்கூடிய காகிதத்தையும் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் விடியுமுன் சாக்கோடு வருகிறவர்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய பிழைப்பு அது. இங்கே அழுக்கான பாதியைச் செய்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆலைக்கான எந்தத் திட்ட அறிக்கையிலும் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

கமாய்ஷிக்குத் திரும்புகிறேன். 1989இல் அங்கே கடைசி ஊதுலை அணைந்தது. இரும்பு வடித்த உலைகள் எல்லாம் ஓய்ந்த பிறகும், நகராட்சிக் குப்பையை உருக்கிய தம்பி உலைகள் எரிந்துகொண்டிருந்தன. 32 ஆண்டு உழைத்துவிட்டு அவை ஓய்வு பெற்றதும், அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பொதுவாக நாளொன்றுக்கு 147 டன் கொள்ளளவில் புதிய ஆலை தயாரானதும் 2011இன் தொடக்கத்தில். மார்ச் 11 அன்று கடல் ஊருக்குள் வந்தது. கமாய்ஷியில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். அலை திரும்பியபோது விட்டுச் சென்றது வீடுகள், படகுகள், வலைகள், கார்கள், பாய்கள், குளிர்சாதனப் பெட்டிகள், புகைப்படத் தொகுப்புகள்; எல்லாம் சேறும் உப்பும் கலந்து, பிரிக்க முடியாத ஒரே குவியலாக. குப்பை என்று அதைச் சொல்ல யாருக்கும் நா எழாது.

புதிய ஆலை மட்டும் போதாதென்று, ஓய்வு பெற்ற பழைய ஆலையை 2012இல் மறுபடி ஏற்றினார்கள். எதைப் போடுகிறோம் என்று தெரியாத நிலைக்காகவே வடிவமைத்த உலை அது. வழக்கம்போல் கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து, ஊரின் இடிபாடுகளை மேலிருந்து இறக்கினார்கள். கீழே கசடும் இரும்பும் வடிந்தன.

கோக்கின் செலவும் அது விடும் கரியமிலமும் இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கின்றன. சாம்பலை உருக்கத் தனி உலை வைத்திருந்த பல ஜப்பானிய நகராட்சிகள் 2010க்குப் பிறகு அவற்றை நிறுத்திவிட்டன. நிமிர்ந்த உலைகளை விட மனமில்லாதவர்கள் கோக்கின் அளவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நிலக்கரிக் கோக்குக்குப் பதிலாக, தாவரக் கழிவை அழுத்திச் செய்த கெட்டிக் கட்டிகளைப் போட்டும் சோதித்திருக்கிறார்கள்.